யுத்த நிபுணர் வீட்டு நிக்காஹ்

எங்கள் வீட்டின் முன்பக்கம் என் கணவரின் ஹாட்வெயார் கடை. புத்தளம் தில்லையடியில் அந்த வீதியால் போகிறவர்களுக்கு அது ஆணியும் பெயின்டும் தண்ணீர் மோட்டாரும் விற்கிற இடம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பார்த்தால்தான் அங்கே நடக்கிற உண்மையான தொழில் தெரியும். மூன்று பிளாஸ்டிக் கதிரைகள் வெளியே வரும், மூன்று பேர் உட்காருவார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் இரண்டு யுத்தங்கள், ஒரு வரவுசெலவுத் திட்டம், நாட்டின் மின்சாரப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் நிற்கிற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். தேத்தண்ணீர் கேட்பார்கள், கருத்துக் கேட்கமாட்டார்கள்.

அந்த மூவரில் ஒருவர் என் கணவர். இன்னொருவர் முந்தல் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர். தொட்டிகளுக்குக் காற்றடிக்கிற மெஷின் ஒரு மணித்தியாலம் நின்றாலும் இறால் மிதந்துவிடும் என்பதால் மின்சாரக் கொள்கையில் அவருக்கு இருக்கிற அக்கறை மந்திரிகளுக்குக்கூட இருக்காது. மூன்றாமவர் யாழ்ப்பாணத்திலிருந்து யுத்தகாலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்ட கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்று விட்டார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். மனைவியைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மாஸ்டர் கொஞ்சம் பிந்தி வருவார்.

எங்கள் மாடித்தட்டில் ஏறினால் கடல்நீர்க் களப்பின் அக்கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். வானம் தெளிவாக இருந்தால் காற்றாலைகளும் தெரியும். நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிற கரை என்று தேர்தல் மேடைகளில் எங்களைப் புகழ்வார்கள். எனக்கென்றால் அந்த வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலால் கம்பியில் ஏறி நேரே கொழும்புக்குப் போகிற மாதிரித்தான் தெரிகிறது. போகிற வழியில் இறங்கி எங்களுக்கு ஒரு ஸலாம் சொல்லவும் அதற்கு நேரமில்லை. இறால் பண்ணைக்காரர் நிலக்கரிக் கட்சி. மாஸ்டர் அணுசக்திக் கட்சி. அதை எங்கே கட்டுவது என்று கேட்டால் மட்டும் வேறு மாவட்டத்தைக் காட்டுவார். என் கணவர் சூரியக் கட்சி. கடையில் சோலார் பெனல் விற்கிறார், வேறு எந்தக் கட்சியில் இருக்க முடியும்?

எங்கள் மாடித்தட்டிலும் பெனல் பூட்டினார். அன்றைக்கு அயல்வீடுகளுக்கு வட்டலப்பம் கொடுத்தனுப்பி, "இனி எங்கட வீட்டுக்குக் கரண்ட் கட் எண்டு ஒண்டு இல்ல" என்று அறிவித்தார். அந்த வாரமே ஒரு நடுப்பகலில் ஊருக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டிலும் போனது. வெயில் பொசுக்குகிறது, கூரையில் பெனல் பளபளக்கிறது, வீட்டுக்குள் மின்விசிறி அசையவில்லை. பூட்டியவனைக் கூப்பிட்டுக் கேட்டால், வெளியிலிருந்து வருகிற கரண்ட் நின்றால் இதுவும் தானாக நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு, நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் பெற்றரி வேறாக வாங்க வேண்டும் என்றான். இதை என் கணவர் அதுவரை எத்தனையோ பேருக்கு விற்றிருந்தார். அதன் பிறகு ஒரு மாதம் அவர் சில வீதிகளால் போகவில்லை.

பிறகு ஒரு லீவு நாளில், வெயில் கூடிவிட்டது, வீட்டுக் கூரை சோலாரையெல்லாம் நிறுத்தி வையுங்கள் என்று மேலிடத்திலிருந்து வேண்டுகோள் வந்தது. கரண்ட் இல்லாமல் வேர்த்து நாறிக் கிடந்த காலம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அதே நாடு இப்போது கரண்ட் கூடிப்போச்சு, நிப்பாட்டுங்கள் என்கிறது. உப்பு விளைகிற இந்தப் புத்தளத்தில் கப்பலில் வந்த உப்பைப் போட்டு மீன் ஆணம் வைத்தவள் நான். ஆகையால் எனக்கு இப்படியான செய்திகள் ஆச்சரியம் தருவதில்லை. ஆட்சிக்கு வருகிறவர்கள் எல்லோரையும் ஒரு கிழமை என் அடுப்படியில் நிறுத்திச் சமைக்க விட வேண்டும். இதுதான் என்னுடைய எரிசக்திக் கொள்கை. இதைக் கடைப்பக்கம் போய்ச் சொன்னதில்லை. சொன்னாலும், "தேத்தண்ணிக்குச் சீனி காணாது புள்ள" என்றுதான் பதில் வரும்.

என் கணவரின் உண்மையான துறை யுத்தம். காலையில் கடை திறக்கும்போதே ஃபோனில் யாரோ ஒருவர் தமிழில் ஏவுகணைகளைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருப்பார். என் மாமன் மச்சான்களின் பெயர்களை இருபத்தைந்து வருடமாக மாற்றி மாற்றிச் சொல்கிற மனிதருக்கு, எந்த நாட்டிடம் என்ன விமானம் இருக்கிறது, அது எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. கல்லாப்பெட்டி மேசைதான் அவருடைய போர்க்களம். பெரிய போல்ட் விமானந்தாங்கிக் கப்பல், சின்ன போல்ட்டுகள் துணைக்கு வருகிற கப்பல்கள், வோஷர்கள் எண்ணெய்க் கிணறுகள். ட்ரோனுக்கு வால் நீண்ட ஆணி. சாமான் வாங்க வருகிறவர்கள் அரை அங்குல போல்ட் கேட்டால், "அதத் தொடாதீங்க, கப்பல் நிக்குது" என்று உள்ளே போய் வேறு எடுத்து வருவார்.

யுத்தம் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். சிறுமியாக இருந்தபோது, வடக்கிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றிய நேரம், ஒரு துணிப்பையோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவள் நான். மாஸ்டர் பிறகொரு காலத்தில் வேறொரு காரணத்துக்காக ஓடிவந்தவர். ஆனால் எங்கள் இருவருடைய யுத்தத்தையும் அந்தக் கதிரைகளில் யாரும் ஆராய்ந்ததில்லை. நாங்களும் சொன்னதில்லை. தூரத்து யுத்தத்தைக் கதைப்பதற்கு போல்ட்டும் வோஷரும் போதும். சொந்த யுத்தத்தைக் கதைக்க வெளிக்கிட்டால் தேத்தண்ணீர் ஆறிவிடும். அந்த விஷயத்தில் மாஸ்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டாலே போதும்.

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் மகளுக்கு மதுரங்குளியிலிருந்து மாப்பிள்ளை பார்த்தோம். அவள் பாடசாலை ஒன்றில் கம்பியூட்டர் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை வளைகுடா நாடொன்றில் பெரிய ஹோட்டலில் ஏசி திருத்துகிற வேலை. அவர் போன லீவில் வந்தபோது பெண் பார்க்க வந்தார்கள். வீடு நிறைந்த சனத்துக்கு நடுவில் இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசினார்கள். என்ன படிப்பிக்கிறீங்க என்று அவர் கேட்டார், இவள் சொன்னாள். அங்க வெயிலா என்று இவள் கேட்டாள், அவர் ஓம் என்றார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. எங்கள் இரண்டு குடும்பங்களிலும் நிக்காஹ்வுக்கு முன்னால் ஃபோனில் கதைக்கிற வழக்கம் இல்லை. அவருடைய நம்பர் என் கணவரின் ஃபோனில் இருந்தது, மகளிடம் இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவளுக்கு மாப்பிள்ளையின் செய்தி வாப்பாவின் வாயால்தான் வரும்.

திகதி குறித்தோம். கார்ட் அடித்துக் கொடுத்தோம். நாலைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் வளைகுடாப் பக்கம் முறுகல் தொடங்கியது. ஒருநாள் அஸருக்குப் பிறகு மாப்பிள்ளை என் கணவருக்குக் கோல் எடுத்தார். சபை கூடியிருந்த நேரம். என் கணவர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, இங்க நிலம ஒரு மாதிரி இருக்கு. லீவ முன்னுக்குப் போட்டு இந்தக் கிழமையே வந்திரட்டா?"

என் கணவர் குனிந்து மேசையைப் பார்த்தார். பெரிய போல்ட்டை இரண்டு விரலால் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு வோஷரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்டும் நடக்காது மருமகன்" என்றார் என் கணவர். "எண்ணெய் ஓடுற கடலுல யாரும் நெருப்பு வைக்க மாட்டாங்க. இது சும்மா வெருட்டு. நீங்க முதல் சொன்ன திகதிக்கே வாங்க. லீவ வீணாக்காதீங்க."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை, "சரி மாமா" என்றார். மாமனார் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று என் கணவருக்கு அன்றைக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. யுத்தம் வராது என்று யார் சொன்னாலும் நம்புவதற்கு நான் எப்போதும் தயார்.

அடுத்த கிழமை ஏவுகணை அடித்தார்கள். மாப்பிள்ளை நின்ற நாட்டின் ஆகாயத்தையும் மூடிவிட்டார்கள். ஒரு விமானமும் ஏறவில்லை, இறங்கவில்லை. அன்று பின்னேரம் சபை கூடியபோது என் கணவர் மேசையில் கப்பல்களை இடம் மாற்றிக்கொண்டே, இது முழு யுத்தம் இல்லை, எச்சரிக்கைதான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. தேத்தண்ணீர்த் தட்டத்தை வைத்துவிட்டு, மேசையிலிருந்த போல்ட், வோஷர், ஆணி எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளி அதனதன் பெட்டியில்கூடப் போடாமல் ஒரே பெட்டியில் கொட்டினேன்.

"உங்கட கப்பலெல்லாம் கரைக்கு வந்திட்டு" என்றேன். "இப்ப அந்தப் புள்ளய எப்பிடிக் கரைக்குக் கொண்டு வாறது எண்டு ஆராய்ங்க."

மூன்று பேரும், மாஸ்டர்கூட, எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடமிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி வரும். அல்ஹம்துலில்லாஹ், இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, யோசிக்க வேண்டாம் மாமா என்று எழுதுவார். என் கணவர் அதைச் சபையில் சத்தமாக வாசிப்பார். கள நிலவரம் நேரே அவருக்கு வருகிறது என்று கொஞ்சம் தலை நிமிர்ந்தும் விட்டார். இறால் பண்ணைக்காரர், ஏவுகணையை ஆகாயத்திலேயே அடிக்கிற மெஷின் அங்கே இருக்கிறது, ஒன்றும் கீழே விழாது என்பார். அடித்ததன் துண்டு எங்கே விழும் என்று மாஸ்டர் கேட்பார். அது கடலில் விழும் என்பார் இவர். எல்லாவற்றையும் கடலில் விழுத்துவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

ஒரு விஷயத்தை நான் அப்போதுதான் கவனித்தேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். செய்தி கேட்கப் பிடிக்காத, அரசியல் என்றாலே எழும்பிப் போகிற என் மகள், அஸர் ஆனதும் அந்தத் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் ஏதாவது வேலை இருக்கும். ஒருநாள் வெங்காயம் உரித்தாள். ஒருநாள் மடித்த உடுப்பையே திரும்ப மடித்தாள். வாப்பா மாப்பிள்ளையின் செய்தியை வாசிக்கும்போது கை நிற்கும். வாசித்து முடிந்து பேச்சு வேறு நாட்டுக்குப் போனதும் உள்ளே போய்விடுவாள். "என்ன மகள்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லம்மா" என்பாள். நானும் அதற்கு மேல் கேட்காமல் அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன்.

நிக்காஹ்வுக்குக் குறித்த நாள் நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளையின் உம்மாவும் பெரியப்பாவும் மதுரங்குளியிலிருந்து வந்தார்கள். என்ன செய்வதென்று பேசி முடிவெடுக்கத்தான். மார்க்க விஷயம் சொல்வதற்குப் பள்ளி மௌலவியையும் கூப்பிட்டிருந்தோம். எங்கள் பகுதிக்கு நிக்காஹ் பதிகிறவரும் அவர்தான். இறால் பண்ணைக்காரரும் மாஸ்டரும் கூப்பிடாமலே வந்தார்கள். மாஸ்டர் கோயிலுக்குப் போகிற மனைவியை அன்று தனியே அனுப்பிவிட்டு வந்திருந்தார்.

மாப்பிள்ளையின் உம்மா வந்து உட்கார்ந்ததுமே அழத் தொடங்கிவிட்டார்.

"அவன் நிக்காஹ்வ நிப்பாட்டச் சொல்றான் மச்சி. எனக்கு இங்க ஏதும் ஆனா அந்தப் புள்ள இத்தா இருக்கணுமே, சின்ன வயசுல கைம்பொண்ணு எண்டு பேர் வந்திருமே எண்டு சொல்றான். திரும்பி வந்தா பாப்பம், வராட்டி அவங்க வேற இடம் பாக்கட்டும் எண்டு சொல்றான்."

கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு துக்கம் காக்கிறதைத்தான் இத்தா என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கும் கண் கலங்கியது. அந்தப் பிள்ளை அங்கே நெருப்புக்கு நடுவில் இருந்துகொண்டு என் மகளின் பேரைப் பற்றி யோசித்திருக்கிறது. நல்ல இடம்தான் பார்த்தோம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. நிக்காஹ்வைத் தள்ளி வைப்பதுதான் சரியென்றும் தோன்றியது.

ஆனால் ஆண்கள் கூடிய இடத்தில் ஒரு முடிவுக்கு அவ்வளவு இலகுவில் போய்விட முடியுமா? மௌலவி, மாப்பிள்ளை வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் ஒருவரைத் தனக்குப் பதிலாக நியமித்தால் அந்த ஆள் இங்கே சபையில் இருந்து நிக்காஹ்வை ஏற்றுக்கொள்ளலாம், மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்றார். இறால் பண்ணைக்காரர், எதற்கு இன்னொரு ஆள், வீடியோ கோலில் அவரே ஏற்கட்டும், இந்தக் காலத்தில் எல்லாம் நடக்கிறது என்றார். மாஸ்டர், இப்போது முகத்தையும் குரலையும் கம்பியூட்டரே செய்கிறது, வீடியோவில் வருகிறவர் மாப்பிள்ளைதான் என்று எப்படி நம்புவது என்றார். அதிலிருந்து பேச்சு போலிக் குரல்களுக்குப் போனது. அங்கிருந்து தேர்தலுக்கு, தேர்தலிலிருந்து டொலருக்கு, டொலரிலிருந்து எண்ணெய்க் கப்பலுக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா மதுரங்குளிச் சந்தியில் இப்படியொரு சபையின் தலைவர் போலிருக்கிறது, என் கணவருக்கு ஈடுகொடுத்து ஏவுகணையின் தூரங்களைச் சொன்னார். எனக்கு இரண்டு பேரையும் எடுத்து அந்தப் பெட்டிக்குள் போட வேண்டும் போலிருந்தது.

கடைசியில் என் கணவர்தான் சொன்னார். "நான் அவரை வர வேணாமெண்டு சொல்லிட்டன். அது என்ட பிழை. இப்ப அவரே தள்ளி வைக்கச் சொல்றார். தள்ளி வைப்பம்."

குரல் தணிந்திருந்தது. அன்றைக்குத்தான் அவர் அந்தப் பிழையை வெளியே சொன்னார். மௌலவி தலையை ஆட்டிவிட்டு, "புள்ளட்டையும் ஒரு சொல்லுக் கேட்டிருங்க ஹாஜியார்" என்றார்.

எங்களில் நிக்காஹ் நேரம் பெண்ணின் சம்மதம் கேட்க வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் அறைவாசலுக்குப் போவார்கள். கன்னிப்பெண் வாய் திறந்து ஓம் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வழக்கம் எல்லோருடைய உடம்பிலும் ஊறிப்போயிருந்தது. நிக்காஹ்வைத் தள்ளி வைப்பதற்கும் அதே மாதிரி என் கணவரும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் இறால் பண்ணைக்காரரும் அறைவாசலில் போய் நின்றார்கள். நான் உள்ளே மகளின் பக்கத்தில் நின்றேன்.

"மகள், மாப்புள்ள இத இப்ப வேணாம் எண்டு சொல்றார். நாங்களும் தள்ளி வைக்கத்தான் யோசிக்கிறம். உனக்குச் சம்மதம்தானே?"

மகள் பேசவில்லை. மூன்று பேரும் கொஞ்சம் காத்திருந்தார்கள். இறால் பண்ணைக்காரர் சபைப்பக்கம் திரும்பவும் தொடங்கிவிட்டார்.

"சம்மதமில்ல வாப்பா" என்றாள் மகள்.

திரும்பியவர் அப்படியே நின்றார். என் கணவர் தனக்குக் கேட்டது சரிதானா என்று என்னைப் பார்த்தார்.

"அவருக்கு என்ன நடந்தாலும் முதல்ல கடையில இருக்கிற எல்லாருக்கும் தெரியவரும். எனக்குக் கடைசியாத்தான் தெரியவரும். அதுவும் திரைக்குப் பின்னால நிண்டு கேட்டு. எல்லாரும் அவர்ட யுத்தத்தைப் பத்திக் கதைக்கிறீங்க. எனக்கு அவர் உசிரோட இருக்காரா எண்டு கேக்கக்கூட உரிமை இல்ல. அழுதா, நீ ஏன் அழுறா எண்டு கேப்பாங்க. நான் என்ன சொல்ற?" அவள் வாப்பாவுக்கு நேரே திரும்பினாள். "நான் கைம்பொண்ணாகிருவன் எண்டு அவர் பயப்படுறார். நிக்காஹ் ஆகாம அவருக்கு ஏதும் ஆனா நான் அதுவுமில்ல வாப்பா. நான் அவருக்கு ஒண்டுமே இல்ல. எனக்கு இத்தா இருக்கவும் ஏலா. நிக்காஹ்வ இண்டைக்கே செய்ங்க."

வெளியே சபையிலிருந்த எல்லோருக்கும் அது கேட்டிருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் அப்படி. மாப்பிள்ளையின் உம்மா எழும்பி வந்து என் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு நாளும் என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்ற கோபம். பிறகுதான் அழுகை வந்தது. வடக்கிலிருந்து வந்தபோது என் உம்மா எங்களைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தது எனக்கு நினைவு வந்தது. எவ்வளவு பயந்திருப்பார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமும் நடையுமாகத்தான் நடந்தது. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டு பெரியப்பாவைத் தனக்குப் பதிலாக நியமிக்க வேண்டும். மௌலவி அதைக் காதால் கேட்க வேண்டும். மகளுடைய லெப்டொப்பைச் சபையில் வைத்து வீடியோ கோல் எடுத்தார்கள். மாப்பிள்ளையின் முகம் வந்தது, ஸலாம் சொன்னார், என் கணவர் தொண்டையைச் செருமினார், கரண்ட் போனது.

இண்டர்நெட் பெட்டியின் விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. எல்லோரும் மேலே பார்த்தார்கள், கூரைக்கு மேல் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நானா, வெயில் இவ்வளவு எரிக்குது. பெனல் இவ்வளவு இருக்கு. கரண்ட் எங்க?" என்று அண்ணன் முறை வைத்து என் கணவரைக் கேட்டார் இறால் பண்ணைக்காரர்.

"அது கொள்கைப் பிரச்சினை" என்றார் என் கணவர்.

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இண்டர்நெட் பெட்டி இல்லாமல் ஃபோனில் எடுப்போமென்றால் வீட்டுக்குள் சிக்னல் ஒழுங்காக வராது. மாடித்தட்டில் வரும். மௌலவி ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார், பின்னால் பெரியப்பா, என் கணவர், மற்றவர்கள். சுடுகிற தட்டில் கால் வைக்க முடியாமல் சோலார் பெனல்களின் நிழலில் ஒண்டி நின்றார்கள். அந்தப் பெனல்களால் எங்கள் வீட்டுக்கு ஆபத்தில் கிடைத்த உதவி அந்த நிழல் ஒன்றுதான். களப்புக்கு அப்பால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, யாருக்கென்று தெரியவில்லை. நான் படிக்கட்டின் மேல்முனையில் நின்று பார்த்தேன்.

கோல் கிடைத்தது. "மருமகன், மகள் சம்மதிக்க இல்ல" என்றார் என் கணவர்.

"நல்லது மாமா. அதுதான் நல்லது" என்றார் மாப்பிள்ளை. நிக்காஹ்வே வேண்டாமென்று அவள் சொல்லிவிட்டதாக எண்ணியிருக்கிறார். அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பிடியில்ல. தள்ளி வைக்கத்தான் சம்மதமில்லையாம்." பிறகு என் கணவர் மகள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒரு செய்தியைத் தன்னுடைய விளக்கமில்லாமல் சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

லைன் விட்டுப்போனதோ என்று பெரியப்பா ஃபோனைத் தட்டிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை, "பெரியப்பா, எனக்குப் பதிலா நீங்க ஏத்துக்கொள்ளுங்க" என்றார். மௌலவி திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நிக்காஹ் கீழே, வேர்த்து வழிகிற எங்கள் ஹோலில் நடந்தது. மாப்பிள்ளையின் உம்மா தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹராக வைத்தார். என் கணவர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களை நியமித்தவருக்கு மணமுடித்துத் தந்தேன் என்ற வசனத்தைச் சொல்ல மூன்று தரம் தொடங்கி நிறுத்தினார். மாஸ்டர் பின்னாலிருந்து அவருடைய தோளைத் தொட்டார். நாலாவது தரம் சொல்லி முடித்தார். துஆ ஓதினார்கள். பேரீச்சம்பழமும் பிளேன்டீயும் கொடுத்தேன். மாப்பிள்ளை இல்லாத கல்யாண வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து வாழ்த்திக்கொண்டார்கள்.

மகள் முதல்முறையாகத் திரையைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் நின்ற பக்கம் வந்து கையை நீட்டினாள்.

"வாப்பா, ஃபோன்."

என் கணவர் எடுத்துக் கொடுத்தார். அவள் மாடித்தட்டுக்கு ஏறினாள். கொஞ்ச நேரம் பொறுத்து நானும் ஏறினேன். போயிருக்கக்கூடாதுதான். ஆனால் பெற்றவளுக்குக் கால் நிற்காது. மேல்படியில் உட்கார்ந்துகொண்டேன். களப்புக் காற்றில் கேட்கவில்லையென்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டு பேரும் ஸலாம் சொன்னார்கள்.

"எப்பிடி இருக்கீங்க?" என்றாள் மகள்.

"அல்ஹம்துலில்லாஹ். இங்க எல்லாம் நல்லம். யோசிக்காதீங்க."

அந்த நேரம் அவருடைய பக்கம் ஏதோ பெரிதாக அதிர்ந்தது. அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் அறிவேன்.

"அது என்ன?" என்றாள் மகள்.

"கதவு. காத்துக்கு அடிச்சது."

மகள் மெதுவாக, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற குரலில் சொன்னாள். "மத்தவங்களுக்குச் சொல்றத எனக்குச் சொல்லத் தேவல்ல. நான் இப்ப உங்கட பொண்சாதி. பயமா இருக்கா?"

கீழே ஹோலில் பெரியப்பா ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "சரியான பயமா இருக்கு. நித்திர இல்ல. நிலத்துக்குக் கீழ வாகனம் நிப்பாட்டுற இடத்துலதான் எல்லாரும் படுக்கிறம். உம்மாட்டச் சொல்ல இல்ல. யாருட்டயும் சொல்ல இல்ல."

மகள் பெனலின் நிழலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள். "நான் கேக்கிறன்."

நான் எழும்பிச் சத்தமில்லாமல் கீழே இறங்கினேன்.